லாக் புத்தகம் விட்டுவைத்த பக்கங்கள்: கடற்படையிலிருந்து எழுத்துக்கு வந்த அனுபவம்

கடற்படை அதிகாரியின் வேலையில் கணிசமான பகுதி எழுத்து வேலை. கப்பலை இயக்கும் மேடையான பிரிட்ஜில் வாட்ச் (முறைவைத்துப் பார்க்கும் காவல் பொறுப்பு) பார்ப்பவர் கப்பல் இருக்கும் இடம், செல்லும் திசை, வேகம், காற்று, காற்றழுத்தம், கடலின் நிலை ஆகியவற்றை மணிக்கொருமுறை லாக் புத்தகத்தில், அதாவது கப்பல் பதிவேட்டில், பதிய வேண்டும். கேப்டன் உறங்கச் செல்லுமுன், எந்தெந்த நிலையில் தம்மை எழுப்ப வேண்டும் என்பதை இரவு உத்தரவுப் புத்தகத்தில் எழுதிவைப்பார்; அடுத்தடுத்து வாட்சுக்கு வரும் அதிகாரிகள் அதைப் படித்துக் கையெழுத்திட்ட பிறகே பொறுப்பேற்பார்கள். சமிக்ஞைச் செய்திகள், பயிற்சி அறிக்கைகள், விசாரணைக் குறிப்புகள், மாலுமிகளைப் பற்றிய மதிப்பீடுகள் ஆகியவை தனி. பல ஆண்டுகள் இப்படி எழுதிப் பழகிய கையோடு, பணி ஓய்வுக்குப் பிறகு நான் கதைகளும் கடல் வாழ்க்கை பற்றிய கட்டுரைகளும் எழுதத் தொடங்கினேன். அந்தப் பழக்கத்தில் எது எழுத்தாளனுக்கு உதவுகிறது, எதை அவன் கைவிட வேண்டும், பணியில் இருக்கும்போதே எவற்றைச் சேர்த்துவைக்க வேண்டும் என்பவற்றை, இதே பாதையில் வெகுகாலம் முன்பே சென்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியும் நாவலாசிரியருமான பிரெடரிக் மாரியட்டின் வாழ்க்கையோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன். கடற்படையிலிருந்து எழுத்துக்கு வர விரும்புபவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது என்பது என் உறுதியான கருத்து.

மாரியட் 1792இல் லண்டனில் ஒரு செல்வந்த வணிகரின் மகனாகப் பிறந்தார். கடலுக்குப் போகும் ஆசையில் சிறுவயதில் பலமுறை ஓடிப்போக முயன்றவரை, 1806இல், பதினான்கு வயதில், இம்பீரியஸ் என்ற ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பலில் மிட்ஷிப்மேனாக, அதாவது பயிற்சி நிலை இளம் அதிகாரியாக, சேர்த்துவிட்டார்கள். அதன் கேப்டன் காக்ரேன் பிரபு, நெப்போலியன் போர்க்காலத்தின் மிகத் துணிச்சலான கப்பல் தலைவர்களில் ஒருவர். அவருக்குக் கீழே இருந்தபோது பிரான்ஸ், ஸ்பெயின் கரைகளில் நடந்த ஏராளமான சிறு சண்டைகளையும், 1808இல் ரோசாஸ் கோட்டையில் நடந்த தற்காப்புப் போரையும், 1809இல் பாஸ்க் ரோட்ஸ் நங்கூரத்துறையில் பிரெஞ்சுக் கப்பல்கள் மீது தீக்கப்பல்களை ஏவிய தாக்குதலையும் மாரியட் நேரில் கண்டார். 1812இல் லெப்டினன்ட், 1815இல் கமாண்டர். நெப்போலியன் சிறைவைக்கப்பட்டிருந்த செயின்ட் ஹெலினா தீவைக் காவல் செய்த கப்பல்களில் ஒன்றுக்குத் தலைவராக இருந்தார். 1821இல் நெப்போலியன் இறந்தபோது அவருடைய உடலைப் பார்த்து ஓவியம் தீட்டினார். பிறகு முதல் ஆங்கிலேய–பர்மியப் போரில் கப்பல் தலைமை. 1829இல் முதல் நாவல் வெளிவந்தது. மறு ஆண்டே கடற்படையிலிருந்து விலகினார். இறந்த ஆண்டு 1848. ஏறக்குறைய 24 ஆண்டுகள் கடற்பணி, அதன்பின் 18 ஆண்டுகள் எழுத்து.

இந்த வாழ்க்கையில் என்னை மிகவும் யோசிக்கவைத்த செய்தி ஒன்று உண்டு. கப்பல்களுக்குத் தலைமை தாங்கிய ஆண்டுகளைவிட, பதினான்கு வயதிலிருந்து பதினேழு வயதுவரை கடைநிலையில் நின்று கண்டவற்றிலிருந்துதான் அவருடைய கடற்கதைகள் அதிகம் எடுத்துக்கொண்டன. என் எழுத்திலும் அப்படியே நடந்திருக்கிறது. வாசகர்கள் நினைவில் வைத்துப் பேசும் பகுதிகள் எல்லாம் நான் மிக இளைய அதிகாரியாக இருந்த காலத்தைச் சேர்ந்தவை. இதற்குக் காரணம் இளமையின் ஈர்ப்பு மட்டுமல்ல. இளைய அதிகாரியின் முன்னால் மாலுமிகள் பேசுவார்கள், சண்டையிடுவார்கள், வீட்டுக் கவலையைச் சொல்வார்கள். கேப்டன் படியிறங்கி வந்தால் பேச்சு நின்றுவிடும், எல்லோரும் நிமிர்ந்து நிற்பார்கள். தலைமை ஏற்றவர் முடிவுகளை அறிவார், மனிதர்களை ஓரளவுக்கே காண்பார். ஆகவே பணியில் சேர்ந்த முதல் ஆண்டுகளிலேயே சொந்தக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கிவிட வேண்டும். ஓய்வுக்குப் பிறகு நினைவிலிருந்து எழுதிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுபவர்களுக்குத் தேதிகளும் துறைமுகங்களும் நினைவில் இருக்கும். ஆட்கள் பேசிய விதம் மறந்துபோயிருக்கும்.

அந்தக் குறிப்பேட்டில் எதை எழுதுவது என்பதில் கண்டிப்பு தேவை. கப்பல் இருந்த இடம், போகும் வழி, கருவிகளின் திறன், ஆயுதங்கள், உத்தரவுகள் ஆகிய எதுவும் அதில் இருக்கக் கூடாது. அவை அரசுக்குரிய செய்திகள். தொலைந்துபோகக்கூடிய ஒரு நோட்டில் அவற்றுக்கு இடமில்லை. நான் எழுதிவைத்தவை வேறு: வீட்டிலிருந்து கடிதம் வராத மாலுமி மற்றவர்கள் கடிதம் படிக்கும் நேரத்தில் எங்கே போய் நிற்பார், மூத்த மாலுமி ஒருவர் புதியவனுக்குக் கயிற்று முடிச்சைக் கற்றுத்தரும்போது வாயால் ஒன்றும் சொல்லாமல் அவன் விரல்களைப் பிடித்துத் திருத்துவது எப்படி, பெரிய அலையில் கப்பல் சாயும்போது உறங்கிக்கொண்டிருப்பவர்களின் உடல் விழிக்காமலேயே எப்படித் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இந்தக் குறிப்புகளால் எந்த நாட்டின் பாதுகாப்புக்கும் கேடு வராது. கதைக்கு வேண்டியவையும் இவைதான். இரகசியக் கட்டுப்பாடு எழுத்தாளனின் கையைக் கட்டிவிடுகிறது என்று வருந்துபவர்களுக்கு நான் சொல்வது, மனிதர்களை எழுதுவதற்கு இரகசியம் எதுவும் தேவைப்படாது என்பதே.

லாக் புத்தகம் விட்டுவிடுவது எவ்வளவு என்பதைப் பர்மியப் போரைக் கொண்டு விளக்கலாம். 1824 மே மாதம் சென்னை, வங்காள மாகாணங்களின் படைகளை ஏற்றிவந்த கப்பல்கள் ரங்கூனை அடைந்தபோது, அவற்றுடன் சென்ற லார்ன் என்ற போர்க்கப்பலின் தலைவர் மாரியட். சண்டையில் மடிந்தவர்களைவிட மழைக்காலத்து நோயில் மடிந்தவர்கள் பல மடங்கு. இத்தகைய நாள்களில் கப்பல் பதிவேடு நோயாளிகளின் எண்ணிக்கையைச் சொல்லும், இறந்தவரின் பெயரையும் நேரத்தையும் சொல்லும், உடல் கடலில் இறக்கப்பட்டதைச் சொல்லும். அதற்கு மேல் சொல்வது பதிவேட்டின் வேலையுமல்ல. இறந்தவனின் பெட்டியைத் திறந்து பொருள்களைப் பட்டியலிட்டவன் யார், அவனுக்கு அடுத்த படுக்கையில் படுத்திருந்தவன் அன்றிரவு எங்கே படுத்தான் என்பவை எழுத்தாளனுக்குரிய கேள்விகள். பழைய பதிவு ஒன்றை எடுத்து, அதன் ஒவ்வொரு வரிக்கும் இப்படி இரண்டு கேள்விகள் எழுதுவதை நான் நெடுங்காலம் பயிற்சியாகச் செய்தேன். கதை எங்கே தொடங்க வேண்டும் என்று தெரியாமல் திணறும் எவருக்கும் இந்தப் பயிற்சியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஆனால் பதிவேட்டு நடையைக் குறைத்து மதிப்பிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. காற்றின் வலிமையை 0 முதல் 12 வரை வகுத்த அளவுமுறையை உலகம் போஃபோர்ட் அளவு என்று அழைக்கிறது. அதை வகுத்த பிரான்சிஸ் போஃபோர்ட் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. 1805–06இல் தம் குறிப்பேட்டில் அவர் இதற்கு வடிவம் கொடுத்தபோது, காற்றின் வேகத்தை எண்ணாகச் சொல்லும் கருவி எதையும் நம்பவில்லை. இந்தக் காற்றில் ஒரு போர்க்கப்பல் எத்தனை பாய்களை விரித்துச் செல்ல முடியும், எப்போது பாய்களைச் சுருக்க வேண்டும், எப்போது ஒரு பாயைக்கூடத் தாங்காது என்று காற்றின் விளைவைக் கொண்டே அதை அளந்தார். 1838இல் பிரிட்டிஷ் கடற்படை தன் கப்பல் பதிவேடுகளில் இந்த முறையைக் கட்டாயமாக்கியது. எழுத்தாளன் கற்க வேண்டியது இதில் நிறைய இருக்கிறது. ‘பயங்கரமான புயல்’ என்று எழுதினால் வாசகர் எதையும் காண்பதில்லை. அந்தப் புயலில் என்ன செய்ய முடியாமல் போயிற்று என்று எழுதினால் காண்கிறார். அச்சத்தையும் துயரத்தையும்கூட நான் இவ்வாறே எழுத முயல்கிறேன். ஒருவன் பயந்தான் என்று சொல்லாமல், வழக்கமாகச் செய்யும் எந்த வேலையை அப்போது அவனால் செய்ய முடியவில்லை என்று சொல்வது. கடலில் பழகிய கண்ணுக்கு இது எளிதாகவே வருகிறது.

வாட்ச் ஒப்படைப்பிலும் இப்படி ஒரு பாடம் உண்டு. பொறுப்பைக் கொடுப்பவர் வாங்குபவரிடம் இருட்டில் நின்று சொல்ல வேண்டியவை: திசை, வேகம், அருகில் தெரியும் விளக்குகள், அவற்றுள் எது நெருங்குகிறது, எஞ்சினின் நிலை, கேப்டன் விட்டுச்சென்ற உத்தரவு, இன்னும் முடியாமல் இருக்கும் வேலை. வாங்குபவரின் கண் இருட்டுக்குப் பழகும்வரை கொடுப்பவர் விலகமாட்டார். ஒரு கதையின் முதல் இரண்டு பக்கங்கள் வாசகருக்கு இதையே செய்ய வேண்டும். எங்கே நிற்கிறோம், எது நெருங்கி வருகிறது, எது முடியாமல் கிடக்கிறது என்பது தெரிந்துவிட்டால் அவர் தாமே பொறுப்பேற்றுக்கொள்வார். பின்னணி முழுவதையும் முதலிலேயே கொட்டுபவர்கள் வாசகரை நம்பாதவர்கள்.

கைவிட வேண்டியவற்றில் முதன்மையானது சமிக்ஞை நடை. இதில் மாரியட்டுக்குப் பெரும் பெயர் உண்டு. வணிகக் கப்பல்களுக்காக 1817இல் அவர் வெளியிட்ட சமிக்ஞைத் தொகுதி பல பதிப்புகள் கண்டு பல நாடுகளின் கப்பல்களில் வழங்கியது. நீளமான ஒரு வாக்கியத்தைச் சில எண்கொடிகளில் அடக்கிவிடும் முறை அது. போர்க்காலத்தில் வணிகக் கப்பல் தொகுதிகளுக்குத் துணையாகச் சென்றபோது கண்ட குறைபாடே அதற்குத் தூண்டுதல். அத்தகைய நடையில் கூடுதலாக ஒரு சொல்லும் கிடையாது, ஐயத்துக்கு இடமும் கிடையாது. கூடவே பேசுபவரின் குரலும் கிடையாது. அலுவல் அறிக்கை அதற்கும் ஒரு படி மேலே போய், செய்தவரையே மறைத்துவிடும். ‘பழுது கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது’ என்று எழுதினால், கொதிக்கும் எஞ்சின் அறையில் படுத்துக்கொண்டு கையை நுழைத்துப் பழுதை நீக்கிய மனிதர் காணாமல் போகிறார். என் தொடக்கக் கைப்பிரதிகளைத் திருத்தும்போது, ‘பட்டது’ என்று முடியும் வினைகளை எல்லாம் வட்டமிட்டு, ஒவ்வொன்றிலும் அதைச் செய்தவரை எழுவாயாக நிறுத்தினேன். பக்கம் நீண்டது, ஆனால் ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

கலைச்சொற்களைப் பொறுத்தவரை என் வழக்கம் எளிமையானது. ஒவ்வொரு கைப்பிரதியையும் இரண்டு பேர் படிக்கிறார்கள். ஒருவர் என்னுடன் கப்பலில் இருந்தவர். இன்னொருவர் கடலைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்தவர். முதலாமவர் ஒரு சொல்லைத் தவறு என்றால் அதை மறுபேச்சின்றி மாற்றுகிறேன். இரண்டாமவர் ஒரு சொல் புரியவில்லை என்றால், அதற்கு விளக்கம் சேர்ப்பதில்லை; அந்தப் பொருளைக் கொண்டு ஒருவர் ஏதாவது செய்யும்படி வாக்கியத்தை மாற்றி எழுதுகிறேன். ஸ்டார்போர்டு என்றால் கப்பலின் வலப்புறம் என்று சொல்ல வேண்டியதில்லை. சுக்கானைப் பிடித்தவர் அந்தப் பக்கம் திருப்புவதை வாசகர் பார்த்தால் போதும்.

சொந்த வாழ்க்கையை நாவலாக்குபவர்களுக்கு மாரியட்டின் முதல் நாவல் ஓர் எச்சரிக்கை. அதன் நாயகன் கலந்துகொண்ட சண்டைகள் பெரும்பாலும் மாரியட் கலந்துகொண்டவையே. ஆனால் அந்த நாயகனுக்கு அவர் கற்பனையாகக் கொடுத்த தீய குணங்களையும் வாசகர்கள் அவருடைய சொந்தக் குணங்கள் என்றே எடுத்துக்கொண்டார்கள்; பின்னாளில் அவர் அதை மறுத்து எழுத வேண்டியிருந்தது. அடுத்தடுத்த நாவல்களில் தம் அனுபவங்களைப் பல பாத்திரங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார், அவை மேலும் வலுவாக அமைந்தன. நானும் எந்தப் பாத்திரத்துக்கும் என் முழுப் பணி வரலாற்றைக் கொடுப்பதில்லை. உடன் பணியாற்றியவர்களைப் பொறுத்தும் இதே கவனம் வேண்டும். ஒருவரின் பேச்சை ஒரு பாத்திரத்துக்கும், அவர் வாழ்க்கையில் நடந்ததை வேறொரு பாத்திரத்துக்கும், அவருடைய பதவியை மூன்றாமவருக்கும் பிரித்துவிடுவேன். உண்மைச் சம்பவத்தைக் கட்டுரையாக எழுதும்போது சம்பந்தப்பட்டவரிடம் படிக்கக் கொடுத்துச் சம்மதம் பெறுகிறேன். அவர் இறந்துவிட்டால் குடும்பத்தாரிடம். கப்பல் வாழ்க்கையில் ஒருவர் மற்றவரிடம் மறைக்க இடமே இல்லாத நெருக்கம் இருக்கிறது, அந்த நெருக்கத்தில் கண்டதை அனுமதியின்றி அச்சில் ஏற்றுவது எனக்குச் சரியாகப்படவில்லை.

பணியில் இருந்துகொண்டே எழுதி வெளியிடலாமா என்று இளைய அதிகாரிகள் கேட்பதுண்டு. முறைப்படி அனுமதி பெற்ற பிறகு வெளியிடலாம் என்பதே என் பதில். அனுமதிக்கு எழுதும்போது கைப்பிரதியை முழுமையாக இணைத்துவிட வேண்டும். விதிக்குள் அடங்கிய எழுத்துக்கும் விலை இருக்கலாம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஆட்களைப் பலவந்தமாகப் பிடித்துக் கடற்படையில் சேர்க்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று 1822இல், பணியில் இருக்கும்போதே, மாரியட் ஒரு பிரசுரம் வெளியிட்டார். மேலிடத்தில் அதற்கு வரவேற்பில்லை. சமிக்ஞைத் தொகுதிக்காகப் பிரெஞ்சு மன்னர் பின்னாளில் அளித்த விருதை அணிந்துகொள்ள நான்காம் வில்லியம் மன்னர் அனுமதி மறுத்ததற்கு இந்தப் பிரசுரமே காரணம் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. ஆயினும் அதை எழுதியதற்காக அவரை நான் மிகவும் மதிக்கிறேன். பிரெஞ்சு நாவலாசிரியர் பியர் லோட்டியும் அப்படியே. அவர் ஜூலியன் வியோ என்ற பெயரில் கடற்படையில் பணியாற்றிக்கொண்டே புனைபெயரில் எழுதியவர். 1883இல் வியட்நாமின் ஹூவே நகருக்கு அருகே பிரெஞ்சுப் படை நடத்திய தாக்குதலின் கொடுமைகளைப் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் எழுதியதால் கடற்படை அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பிறகும் அவர் பணியை விடவில்லை. 1891இல் பிரெஞ்சு அகாதெமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், 1910இல்தான் ஓய்வுபெற்றார்.

எழுத்துக்காகப் பணியை விட்டுவிட்ட மாரியட்டையும், இரண்டையும் கடைசிவரை நடத்திய லோட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என் மனம் லோட்டியின் பக்கமே சாய்கிறது. மாரியட் 1832 முதல் 1835 வரை மாத இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்து, அதற்கே தொடர்கதைகளும் எழுதி, பதிப்பாளர்களோடு தொகைக்காக ஓயாமல் வாதிட்டு வாழ்ந்தார். பணத்தேவை அவரை வேகமாக எழுதவைத்தது. அந்த வேகம் சில நாவல்களில் தெரிகிறது. ஓய்வூதியத்துக்குரிய காலத்தை முடித்துவிட்டு எழுத வருபவருக்கு இந்த நெருக்கடி இல்லை. ஒரு கதையை ஓராண்டு கிடப்பில் போட்டு மறுபடி எடுத்துத் திருத்தும் வசதி, என் அனுபவத்தில், பாராட்டுகளைவிட மிகவும் பயன்பட்டது.

ஓய்வுபெற்ற முதல் மாதங்களில் நாள் முழுவதும் எழுத உட்காருவது பலருக்கும் கைகூடுவதில்லை. கப்பலில் நாள் ஏழு வாட்சுகளாகப் பிரிக்கப்படும்: நான்கு மணிநேர வாட்ச் ஐந்து, மாலையில் இரண்டு மணிநேர வாட்ச் இரண்டு. மாலையில் இப்படிப் பிரிப்பதால்தான் ஒரே ஆட்களுக்குத் தினமும் நள்ளிரவு வாட்ச் வருவதில்லை. நான் அதிகாலை நான்கு முதல் எட்டு வரையிலான வாட்சை எழுத்துக்கு வைத்துக்கொண்டேன். மாலையின் சிறு வாட்ச் ஒன்றைத் திருத்துவதற்கு. நேரம் முடிந்ததும், வாக்கியம் பாதியில் நின்றாலும், அடுத்து என்ன வர வேண்டும் என்று ஒப்படைப்புக் குறிப்பு எழுதிவிட்டு எழுந்துவிடுகிறேன். மறுநாள் அந்தக் குறிப்பைப் படித்தவுடன் வேலை தொடங்கிவிடுகிறது.

மாரியட் தம் கடைசி ஆண்டுகளில் சிறுவர்களுக்காக எழுதினார். புகழ்பெற்ற ஒரு தீவுக் கதையின் தொடர்ச்சியைத் தம் பிள்ளைகள் கேட்டபோது, அவர் அந்தக் கதையைப் படித்துப் பார்த்து, அதில் கப்பலோட்டும் முறையும் மரங்கள் விலங்குகளின் இருப்பிடமும் தவறாக இருப்பதைக் கண்டு, தொடர்ச்சியை எழுதாமல் புதிய கதையையே எழுதினார். சிறுவர்கள்தானே, தவறு இருந்தால் என்ன என்று அவர் விட்டுவிடவில்லை. அவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் நேசிக்கும் பகுதி இது. ஒரு கதையை அனுப்புமுன் நான் கடல் வரைபடத்தை மேசையில் விரித்து, கப்பல் கிளம்பிய இடத்திலிருந்து சேர்ந்த இடம்வரை தூரத்தை அளந்து, கதையில் சொன்ன வேகத்தில் சொன்ன நாள்களில் அது போய்ச்சேருமா என்று கணக்கிடுகிறேன். கதையில் நிலவு வந்தால் அந்தத் தேதியில் என்ன திதி என்று பார்க்கிறேன்; கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்தால் அந்த நேரத்தில் ஏற்றமா வற்றமா என்று பார்க்கிறேன். கணக்கு பொருந்தாவிட்டால் கதையில் ஒரு நாளைக் கூட்டியோ ஒரு துறைமுகத்தை மாற்றியோ எழுதுகிறேன். அப்படிக் கூடிய நாளில் மாலுமிகள் என்ன செய்தார்கள் என்று யோசிக்க நேர்ந்து, அந்தக் கதைக்கு வேண்டிய அத்தியாயமே சில சமயம் அங்கே கிடைத்திருக்கிறது.